குளிர்காலத்தில் புடாபெஸ்ட்: கேள்வி பதில்

கேள்வி: அப்பா அம்மாவோடு டிசம்பர் கடைசியில் போகிறோம். குளிரைத் தாங்குவார்களா?

பதில்: வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், இரவில் இன்னும் இறங்கும். தடிமனான கோட் ஒன்றே போதும் என்று நம்பாமல், உள்ளே தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்று புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போட்டால் தாங்கிவிடுவார்கள். வழுக்காத ஷூ ரொம்ப முக்கியம். கோட்டைக் குன்றுக்கு நடந்து ஏற வேண்டாம். நகர மையத்தில் உள்ள தெயாக் சதுக்கத்திலிருந்து 16ஆம் எண் பஸ் மேலேயே கொண்டுபோய் விடும்.

எனக்குக் குளிரைவிட வெளிச்சம்தான் கவலை. மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். கோட்டை, அதே குன்றில் உள்ள மீனவர் கொத்தளம் இரண்டையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். இருட்டிய பிறகு டான்யூப் ஆற்றின் பெஸ்ட் கரையோரம் ஓடும் 2ஆம் எண் டிராமில் ஏறி உட்கார்ந்தால், விளக்கு எரியும் பாலங்களைக் கால் வலிக்காமல் பார்க்கலாம். நாடாளுமன்றம் முழுசாகத் தெரிய, மெட்ரோவில் எதிர்க்கரையில் உள்ள பாத்யானி சதுக்கத்துக்குப் போங்கள்.

கேள்வி: இந்தக் குளிரில் வெந்நீர்க் குளத்தில் இறங்குவது சரிவருமா?

பதில்: குளிர்காலத்தில் அங்கே போவதற்கே அதுதான் முதல் காரணம் என்பேன். நகரத்துக்கு அடியிலிருந்து இயற்கையாகவே வெந்நீர் ஊறி வருகிறது. 1913இல் திறந்த சேச்செனி குளியலகத்தில் திறந்தவெளிக் குளங்கள் உண்டு. தலையில் பனி விழ, கழுத்துவரை வெந்நீரில் ஆவிக்கு நடுவே நிற்கலாம். கஷ்டமெல்லாம் உடை மாற்றும் அறையிலிருந்து குளம் வரை நடக்கும் அந்தச் சில அடிகளில்தான். செருப்பும் பெரிய துண்டும் கையோடு வைத்திருங்கள்.

பழைமை பிடிக்குமென்றால் ருதாஷ் குளியலகம். 16ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் துருக்கியர்கள் கட்டிய குவிமாடம், அதன் கீழே எண்கோணக் குளம். மொட்டைமாடிக் குளத்திலிருந்து டான்யூப் தெரியும். அங்கே 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை விடமாட்டார்கள். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

கேள்வி: 24ஆம் தேதி மதியம் போய் இறங்குகிறோம். பிரச்சினை உண்டா?

பதில்: உண்டு. அன்று மதியத்தோடு கடைகள் மூடிவிடும். மாலையில் மெட்ரோவும் பெரும்பாலான டிராம்களும் நின்றுவிடும், இரவுச் சேவைகள்தான் ஓடும். முடிந்தால் 23ஆம் தேதிக்கே டிக்கெட்டை மாற்றுங்கள். முடியாவிட்டால் ரொட்டி, பழம், தயிர் கையில் இல்லாமல் அறைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினிதானா?

பதில்: இல்லவே இல்லை. 'ஃபோசெலேக்' என்று கேளுங்கள், காய்கறியைக் கெட்டியாக நம் கூட்டு மாதிரி சமைப்பார்கள். மேலே இறைச்சி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். தெருவில் சுடச்சுட 'லாங்கோஷ்' கிடைக்கும், பொரித்த மாவின்மேல் புளித்த கிரீமும் சீஸும்.

கேள்வி: யூரோ போதுமா?

பதில்: ஹங்கேரியின் நாணயம் ஃபோரின்ட். கார்டு தேய்க்கும்போது எந்த நாணயம் என்று மெஷின் கேட்டால் ஃபோரின்டையே அழுத்துங்கள். ரூபாயையோ யூரோவையோ தேர்ந்தெடுத்தால் மோசமான மாற்று விகிதத்தால் பணம் வீணாகப் போகும்.

கேள்வி: விசா?

பதில்: பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். டிசம்பர் பயணமென்றால் விண்ணப்பம் கொடுக்க செப்டம்பரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.