தாத்தா பாட்டியின் பழைய கல்யாணப் போட்டோவுக்கு எந்த பிரேம் போடலாம்?

1960களில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம், பிரேம் உளுத்து மாவு கொட்டுகிறது, புதிதாக மரத்தில் போடலாமா ஃபைபரில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியப்பாவின் பிரேம் கடையில் லீவு நாளெல்லாம் கிடந்து வளர்ந்தவன் நான். மரமா ஃபைபரா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். படத்தைக் காப்பதும் கெடுப்பதும் பிரேமுக்கு உள்ளே இருக்கிற சமாச்சாரங்கள்தான்.

முதலில் பழையதைப் பிரிக்க வேண்டும். மெத்தென்ற துணியில் குப்புறப் போட்டு, பின்பக்கம் ஒட்டிய தாளைக் கிழித்தால் துருப்பிடித்த சின்ன ஆணிகள் தெரியும். குறடால் ஒவ்வொன்றாக இழுங்கள், நெம்பாதீர்கள். அட்டையை எடுத்தால் அநேகமாக ஒரு பழைய நியூஸ் பேப்பர் மடித்து வைத்திருக்கும். அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் இடைவெளியை நிரப்பச் செய்த வேலை அது. மலிவான அட்டையிலும் செய்தித்தாளிலும் இருக்கும் அமிலம் மெல்ல மெல்லப் படத்துக்கும் ஏறும். படம் பழுப்பாவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இப்போதுதான் ஆபத்தான கட்டம். அந்தக் காலப் போட்டோத் தாளின் மேல் பூச்சு ஜெலட்டின். ஈரக்காற்று பட்டால் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். முன்னாலிருந்து பார்க்கும்போது அங்கங்கே ஈரம் பட்டது போல மினுங்கினால், அங்கே ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். பிய்க்கவே கூடாது. முகம்தான் கண்ணாடியோடு போகும். ஹேர் டிரையர், வெந்நீர் வைத்தியமெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டுச் செய்யாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே நல்ல கேமராவில் படம் எடுத்துவிட்டு, அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

ஒட்டவில்லை என்றால் 600 டிபிஐயில், அதாவது இஞ்சுக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்யுங்கள். 6க்கு 8 இஞ்சு படம் 3600க்கு 4800 பிக்சல் வரும். 12க்கு 16 வரை தாராளமாகப் பிரிண்ட் போடலாம். என்னைக் கேட்டால் பிரிண்டைச் சுவரில் மாட்டி, அசலை அமிலமில்லாத உறையில் போட்டு இரும்பு பீரோவில் வைத்துவிடுவேன். நம் வீடுகளில் மாலை, சந்தனம், குங்குமம், கூடவே ராத்திரி பகலாக எரியும் ஒரு குட்டி பல்பு என்று படத்துக்கு நடக்கும் உபசாரத்தை எல்லா அசலும் தாங்காது.

அசலைத்தான் மாட்டுவேன் என்றால், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட், அதாவது படம் தெரிய நடுவில் வெட்டிய அட்டை, கட்டாயம். அமிலமில்லாத மவுண்ட் போர்டு என்று கேட்டு வாங்குங்கள். அழகுக்கென்று நினைத்து வேண்டாம் என்பவர்கள் உண்டு. அந்த ஒன்றரை மில்லி கனம்தான் படம் கண்ணாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறது. ஃபெவிகால், டபுள் டேப் எதுவும் படத்தில் படக்கூடாது. பழைய ஆல்பங்களில் இருக்குமே, முக்கோணத் தாள் மூலைகள், அவை போதும். எம்டிஎஃப் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்தது) ஒட்டி லேமினேஷன் செய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் பிரிண்டுக்கு மட்டும் சரி சொல்லுங்கள். ஒட்டியதை அப்புறம் பிரிக்க வழியில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 8க்கு 10, 12க்கு 15 மாதிரி அளவென்றால் ஃபைபரே போதும், கரையான் தொல்லை இல்லை. பெரிய படமென்றால் தேக்குக்குப் போங்கள். 24க்கு 36 இஞ்சில் 3 மில்லி கண்ணாடி மட்டுமே நாலு கிலோவைத் தாண்டும். அந்தப் பாரத்தில் ஃபைபர் மூலைகள் நாளடைவில் வாய் பிளக்கும். எதுவானாலும் 45 டிகிரியில் வெட்டிச் சேர்த்த நாலு மூலையையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கோடாக வெளிச்சம் தெரிந்தாலோ, மக்கு வைத்து அடைத்திருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது குளியலறைக்குப் பின்சுவர், மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவர், வெயில் விழும் இடம் மூன்றும் வேண்டாம். கீழ் மூலைகளின் பின்னால் ரப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் பிரேமுக்கும் நடுவே காற்று போகும். பழைய வீடுகளில் படங்களை முன்பக்கம் சாய்த்து மாட்டியதிலும் இந்த லாபம் உண்டு. துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் தெளியுங்கள். கண்ணாடியில் தெளித்தால் கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கி மவுண்டை நனைத்துவிடும்.