நினைத்தவுடன் அசையும் செயற்கைக் கை எவ்வாறு இயங்குகிறது?

தோளருகே கை துண்டிக்கப்பட்ட பிறகும், விரலை மடக்குமாறு மூளை நரம்புகள் வழியே கட்டளை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. அதை ஏற்கும் தசைதான் இல்லை. அறுபட்ட அந்த நரம்புகளை அறுவை சிகிச்சையால் மார்புத் தசையுடன் இணைத்துவிட்டால், விரலை மடக்க நினைக்கும்போது மார்பில் ஓரிடம் லேசாகத் துடிக்கும். தோலின்மேல் பொருத்திய மின்முனைகள் அத்துடிப்பின்போது தசையில் எழும் மின் சமிக்ஞையை உணர்ந்து செயற்கைக் கையின் மோட்டார்களை இயக்கும். 2000களின் தொடக்கத்தில் சிகாகோவில் மருத்துவர் டாட் குய்க்கன் குழுவினர் இதைச் செய்துகாட்டினர்.

கழுத்துத் தண்டுவடம் சேதமடைந்து, மூளையின் கட்டளை கை நரம்புகளை எட்டாதவர்களுக்கு இவ்வழி உதவாது என்பதால், மூளையிலேயே மின்முனைகளைப் பதித்து ரோபோக் கையை இயக்குகிறார்கள். என் பார்வையில் மிகப் பெரிய முன்னேற்றம் தொடுவுணர்வுதான். ரோபோக் கையின் விரல் தொட்டதை மின்தூண்டலாக மூளைக்குத் திருப்பி அனுப்பியபோது, பொருளை எடுத்து வைக்கும் நேரம் ஏறக்குறைய 20 நொடியிலிருந்து 10 நொடியாகக் குறைந்ததைப் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டனர். சரியாகப் பற்றிவிட்டோமா என்று கண்ணால் மட்டும் பார்த்துத் தடுமாறும் நேரமே அவ்வாறு மிச்சமாகிறது.