கிட்டாருக்குள் வயர் சத்தம்: மலையூர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பிக்கப் (கிட்டாரின் ஒலியை ஆம்புக்கு அனுப்பும் கருவி) பொருத்தியதிலிருந்து ஐந்தாம் கம்பியை ஃப்ரெட் அழுத்தாமல் மீட்டினால் மட்டும் உள்ளே 'டர்ர்' என்கிறது. மற்ற கம்பிகளில் இல்லை. (கோத்தகிரி)

பதில்: ஆம்பில் (ஒலிபெருக்கியில்) சொருகாமல் வாசித்தாலும் அந்தச் சத்தம் வருகிறதா? வந்தால் மின்சாரக் கோளாறு அல்ல, ஏதோ ஒன்று மரத்தில் தட்டுகிறது. ஐந்தாம் கம்பியின் சுரம் 110 ஹெர்ட்ஸ். முழு அளவு கிட்டார்கள் பலவற்றில் உள்ளிருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் பலமாக அதிரும். தொங்கும் வயர் அந்த இடத்தில் வாய் திறக்கும், மற்ற நேரம் சும்மா இருக்கும்.

ஒருவர் அதே சுரத்தை விடாமல் மீட்டட்டும். இன்னொருவர் ஒலித்துளை வழியாகப் பென்சிலின் ரப்பர் முனையால் வயரை இடம் இடமாக அழுத்திப் பார்க்கட்டும். எங்கே தொட்டதும் சத்தம் நிற்கிறதோ அங்கேதான் வேலை. எங்கே தொட்டும் நிற்கவில்லையென்றால் வயர்மேல் பழி போடாதீர்கள். முறுக்காணி நட்டு, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனி, கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு தளர்ந்தது, பலகையின் உட்புறம் ஒட்டிய பிரேஸ் என்ற மரச்சட்டம் ஒட்டு விட்டது எல்லாமே இதே குரலில்தான் பேசும். மேல்பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டினால், பிரேஸ் விட்ட இடத்தில் வெடித்த பானைபோல் ஒலிக்கும்.

கேள்வி: வயரை டேப் போட்டு ஒட்டுகிறேன். மழைக்காலம் வந்தால் உரிந்து மறுபடி ஆடுகிறது. எந்த டேப் நல்லது? (குன்னூர்)

பதில்: டேப்பைவிட, ஒட்டும் நாளும் மரத்தின் நிலையும் முக்கியம். கூடலூருக்கு ஆனி, ஆடி, உங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை: அந்த மாதங்களில் உள்மரம் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். உட்புறம் வார்னிஷ் இல்லாத வெறும் மரம் என்பதால் தூசியும் அதிலேயே தங்கும். மாஸ்கிங் டேப்பின் பசை சில மாதங்களில் காய்ந்து உதிரும். கருப்பு எலக்ட்ரிக்கல் டேப் இழுத்துக்கொண்டு சரியும். இரண்டும் வேண்டாம்.

பின்பகுதியில் அக்ரிலிக் நுரை டேப் உள்ள சிறிய வயர் கிளிப்புகளை வாங்குங்கள். நான்கைந்து போதும். பிப்ரவரி, மார்ச்சில் வெயில் காயும் ஒரு நாளில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். இந்த டேப் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது, 20-க்கு மேல் இருந்தால் நல்லது. குளிர்ந்த பெட்டியிலிருந்து எடுத்த கிட்டாரைச் சூடான அறையில் வைத்தவுடனே ஒட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின்மேல்தான் ஒட்டுவீர்கள். மூன்று, நான்கு மணி நேரம் அறையிலேயே இருக்கட்டும். ஹேர் டிரையர் காட்டாதீர்கள், சூட்டில் கிட்டாரின் சொந்த ஒட்டே இளகும்.

கம்பிகளை நன்றாகத் தளர்த்துங்கள். ஒட்டும் இடத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒற்றியெடுத்த துணியால் ஒருமுறை துடைத்து உலர விடுங்கள். அது வெளிப்புறத்தில் சொட்டக்கூடாது. ஷெல்லாக் பூசிய கிளாசிக்கல் கிட்டாராக இருந்தால் பூச்சு கரைந்துவிடும். கிளிப்பை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். 24 மணி நேரம் வயரை மாட்டாமல் விடுங்கள். முழுப் பிடிப்பு வர 72 மணி நேரம் ஆகும்.

இடம்: பக்கப்பலகையிலும் பின்பலகையின் ஓரத்திலும், 8 முதல் 10 செ.மீ.க்கு ஒன்று. மேல்பலகையில் பிரேஸ்களுக்கு நடுவே ஒட்டவே வேண்டாம், ஒலி எழுவதே அங்கேதான். கேபிள் டை போட்டால் வாலை ஒட்ட நறுக்குங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் வால் தானே ஒரு புதிய சத்தம் ஆகும்.

கேள்வி: பிரிட்ஜ் (கம்பிகள் மேல்பலகையில் மாட்டும் கட்டை) அடியில், உட்புறம் மூன்று சிறு உணரி வில்லைகள் ஒட்டும் பிக்கப். மூன்று வயரையும் இறுக்கிக் கட்டிவிடலாமா? சத்தம் அடங்கப் பஞ்சு திணிக்கச் சொன்னார் ஒருவர். (கொடைக்கானல்)

பதில்: இறுக்கினால் வயர் வில்லையோடு சேரும் ஈயப்பற்று முதலில் போகும். வில்லையிலிருந்து 2, 3 செ.மீ. தளர்வாக விட்டு, அதன் பிறகு மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து மெல்லிய ஃபெல்ட் துணி சுற்றுங்கள். அப்போது வயர் மரத்தில் பட்டாலும் தட்டாது. சாடிலுக்கு (பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டை) அடியில் போகும் பீசோ பட்டை, அதாவது அதிர்வை உணரும் பட்டையாக இருந்தாலும் இதே கணக்கு, வயர் உள்ளே இறங்கும் துளைக்குக் கீழே அதைக் கூர்மையாக மடக்காதீர்கள். பஞ்சு வேண்டாம். கிட்டாரின் குரலையே அமுக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரி உறைக்குள் ஆடுகிறது. (ஊட்டி)

பதில்: பேட்டரியைச் சுற்றி ஒரு சுற்று ஃபெல்ட். உறையை வெல்க்ரோவால் கழுத்துக்கட்டையில் (உள்ளே கழுத்து சேரும் மரக்கட்டை) பொருத்துங்கள். மேல்பலகையில் அல்ல.

கேள்வி: அடியிலுள்ள ஜாக்கின் (ஆம்ப் கேபிள் சொருகும் துளை) நட்டு தளர்ந்தது. முறுக்கினேன், இப்போது சத்தம் விட்டுவிட்டு வருகிறது. (கூடலூர்)

பதில்: நட்டோடு சேர்ந்து ஜாக்கும் உள்ளே சுழன்றிருக்கும், வயர் முறுகி ஈயப்பற்று விட்டிருக்கும். ஒலித்துளை வழியாக ஜாக்கை வெளியே எடுத்து, வயரின் முறுக்கை நீக்கி மறுபடி பற்றவைக்க வேண்டும். திரும்பப் பொருத்தும்போது உள்ளே பல்வைத்த வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள், ஜாக்கைச் சுழல விடாமல் பிடிப்பது அதுதான். பல ஜாக்குகளின் வெளிமுனையில் குறுக்கே ஒரு சிறு துளை இருக்கும். அதில் மெல்லிய ஆலன் சாவியைச் செருகி ஜாக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டை மட்டும் திருப்புங்கள்.

கேள்வி: வயலினில் பிக்கப் வயர் உறுமுகிறது. உள்ளே கை போகாதே? (கோத்தகிரி)

பதில்: போக வேண்டாம், பெரும்பாலும் வெளியேதான் சிக்கல். வயரை டெயில்பீஸின் (கம்பிகளின் கீழ்முனையைப் பிடிக்கும் பகுதி) அடியில் மென்மையான பருத்தி நூலால் இரண்டு இடத்தில் கட்டுங்கள், மேல்பலகையில் படக்கூடாது. அதிலுள்ள ஃபைன் டியூனர் (சுருதியை நுணுக்கமாகத் திருத்தும்) திருகையும் தொட்டுப் பாருங்கள், பல வயலின்களில் குற்றவாளி அதுதான்.

கேள்வி: எல்லாவற்றையும் கட்டியாகிவிட்டது. ஆம்பில் சொருகினால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் மட்டும் போகவில்லை. (குன்னூர்)

பதில்: அது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல், வயர் ஆடுவதோடு சம்பந்தமில்லை. பேட்டரியில் ஓடும் ஆம்பில் போட்டுப் பாருங்கள். அங்கே இரைச்சல் இல்லையென்றால் வீட்டு எர்த்தைச் சந்தேகியுங்கள். பழைய வீடுகளில் மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டினால் எர்த்தே இருக்காது. அங்கேயும் இரைந்தால் ஜாக்கின் உலோகத்தைத் தொடுங்கள். தொட்டதும் குறைந்தால் பிக்கப் வயரின் வெளிப்பின்னல் ஜாக்கில் சரியாகப் பற்றவில்லை. கம்பியையோ ஜாக்கையோ தொடும்போது சுரீரென்றால் அந்த ஆம்பை உடனே பிடுங்கிவிடுங்கள். எலக்ட்ரீஷியன் எர்த்தைப் பார்க்கும்வரை அதில் வாசிக்க வேண்டாம்.