முன்னொட்டை நீக்க ஒரு தனி மெத்தட் தேவையா?

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறிய நிரல்மொழியை உருவாக்கி வருகிறோம். ஸ்ட்ரிங்கின் (எழுத்துச் சரத்தின்) தொடக்கத்திலோ முடிவிலோ உள்ள துண்டை, அதாவது முன்னொட்டையோ பின்னொட்டையோ, நீக்க மெத்தட் (பெயர் சொல்லி அழைக்கும் செயல்) வேண்டும் என்கிறார்கள் பயனர்கள். ஒரே வரியில் எழுதிவிடக்கூடியதற்கு, மொழியோடு சேர்ந்தே வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இடம் தரலாமா?

பதில்: தாருங்கள். ஒரு வரியா பத்து வரியா என்பதை விடுங்கள். அந்த ஒரு வரியை மக்கள் தப்பில்லாமல் எழுதுகிறார்களா என்று பாருங்கள்.

பைத்தான் மொழியில் நெடுநாள் இந்த மெத்தட் இல்லை. அதனால் பலரும் கைக்கு எட்டிய, தொடக்கத்திலிருந்து எழுத்துகளை நீக்கும் எல்ஸ்ட்ரிப் என்ற மெத்தடை எடுத்தார்கள். அது நாம் கொடுத்த சொல்லை நீக்குவதில்லை. அந்தச் சொல்லில் உள்ள எந்த எழுத்து வந்தாலும் வரிசை பாராமல் தின்றுகொண்டே போகும். 'படம்-கோயில்' என்பதிலிருந்து 'படம்-' நீக்கச் சொன்னால் 'கோயில்' சரியாக வரும். 'படம்-பம்பரம்' கொடுத்தால் 'ரம்' மட்டும்தான் மிஞ்சும். முதல் உதாரணத்தை மட்டும் சோதித்தவருக்குப் பிழை கண்ணில் படவே படாது.

சரி, நீளத்தை எண்ணிக் கையால் வெட்டலாமே? பின்னொட்டின் நீளத்தை மைனஸ் எண்ணாக்கிப் பின்னாலிருந்து வெட்டுவார்கள். பின்னொட்டு வெறுமையாக வந்தால் மைனஸ் பூஜ்யமும் பூஜ்யமும் ஒன்றாகிவிடும். வெட்டு ஸ்ட்ரிங்கின் தொடக்கத்திலேயே விழுந்து, முழு ஸ்ட்ரிங்கும் காணாமல் போகும். அனுபவசாலிகளே வழுக்கும் இடம் இது. 2020 அக்டோபரில் வந்த பைத்தான் 3.9, முன்னொட்டை நீக்க ரிமூவ்பிரிஃபிக்ஸ், பின்னொட்டை நீக்க ரிமூவ்சஃபிக்ஸ் என இரண்டையும் சேர்த்தது. பெயரில் 'ஸ்ட்ரிப்' இல்லாததைக் கவனியுங்கள். ஏற்கெனவே குழப்பிய சொல்லுக்கு இன்னொரு வேலையும் கொடுக்கக் கூடாது. உங்கள் மொழியிலும் எழுத்துக் கூட்டத்தை நீக்குவதற்கு ஒரு வினை, முழுத் துண்டை நீக்குவதற்கு வேறு வினை என்று வையுங்கள்.

நீங்கள் அதிக நேரம் உட்கார்ந்து பேச வேண்டியது இதைப் பற்றித்தான்: முன்னொட்டு அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது? பைத்தான் ஸ்ட்ரிங்கை அப்படியே திருப்பித் தரும். ரஸ்ட் மொழி 'கிடைத்தது, மீதி இது' அல்லது 'கிடைக்கவில்லை' என்று ஆப்ஷனாக (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று காட்டும் வகையாக) தரும். கோ மொழியில் முதலில் பைத்தானைப் போன்ற டிரிம்பிரிஃபிக்ஸ்தான் இருந்தது. நீக்கினோமா இல்லையா என்பதும் தெரிந்தாக வேண்டும் என்பதால் 2023இல், 1.20 பதிப்பில், கட்பிரிஃபிக்ஸ் சேர்ந்தது. உங்கள் மொழியில் ஆப்ஷன் வகை இருந்தால் நான் ரஸ்ட் வழியைத்தான் சொல்வேன். முன்னொட்டு இல்லாதபோது மூல ஸ்ட்ரிங்கே வேண்டும் என்பவர் அதைத் தானே சொல்லிக்கொள்ளலாம். அப்படியே திருப்பித் தரும் மெத்தடில் தொலைந்த தகவலை, திரும்பி வந்த ஸ்ட்ரிங்கை மட்டும் வைத்து அப்புறம் மீட்க வழியில்லை.

பல முன்னொட்டுகளை ஒரே அழைப்பில் ஏற்க வேண்டாம். ஒன்று இன்னொன்றின் தொடக்கமாக இருந்தால் எதை நீக்குவது என்ற தகராறு வரும்.

கடைசியாக, தமிழை வைத்துச் சோதியுங்கள். எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் யூனிகோடில் 'கி' என்பது 'க'வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'கிளி'யிலிருந்து 'க'வை நீக்கச் சொன்னால், குறியீடு குறியீடாக ஒப்பிடும் மொழி ஒட்ட இடமில்லாத கொக்கியோடு ஒரு ஸ்ட்ரிங்கைத் தரும். ஸ்விஃப்ட் மொழி கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே ஓர் அலகாகக் கொள்வதால் 'தமிழ்' அதற்கு 3, பைத்தானுக்கு 5. எந்தக் கணக்கைத் தேர்ந்தாலும் நீளம், தேடல், வெட்டல் மூன்றிலும் அதையே வையுங்கள். மெத்தடின் விளக்கத்தில் முதல் வரியிலேயே அதை எழுதிவிடுங்கள்.