கொக்கிச் சட்டத்தில் கறள்: செசியையே மாற்ற வேண்டுமா?

காரைநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தொண்டு நிறுவனம் ஒன்று விற்ற 1995ஆம் ஆண்டு லான்ட் றோவர் டிபெண்டர் 110 வைத்திருக்கிறார். படகை ட்ரெயிலரில் ஏற்றிக் கடலுக்குள் இறக்க அதைத்தான் பாவிக்கிறார். பின்னால் கொக்கி பூட்டிய சட்டத்தின் கீழ் விளிம்பு கைபட்டாலே உதிர்கிறதாம். பார்த்த ஒருவர், "செசி முழுக்கப் போயிட்டுது. கொழும்பில ஒண்டு எடுத்துத் தாறன், கடதாசியும் நானே பாக்கிறன்" என்றாராம்.

அந்த ஆளுக்கு ஒரு சதம்கூட முற்பணம் கொடுக்காதீர்கள்.

செசி என்பது வண்டியின் இரும்பு அடிச்சட்டம். உதிர்வது அதன் கடைசித் துண்டு. நீளவாக்கில் ஓடும் இரண்டு நெடுஞ்சட்டங்களையும் பின்னால் இணைக்கும் இதைப் பின் குறொஸ் மெம்பர் என்று கேட்டால் கடைக்காரருக்கு விளங்கும். மேலே உடம்பு அலுமினியம், அதில் கறள் வராது. அதனால் ஒருவரும் கீழே குனிந்து பார்ப்பதில்லை. செசியோ உள்ளே வெறுமையான இரும்புப் பெட்டி. சேறும் உப்புத் தண்ணீரும் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே தின்னும்.

சரி, எவ்வளவு தூரம் போயிருக்கிறது? சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்து, ஒரு சின்னச் சுத்தியலுடன் கீழே படுங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், கெட்டது பொத்தென்று சொல்லும். பொத்தென்ற இடத்தில் திருப்புளியால் அழுத்திக் குத்துங்கள். குறொஸ் மெம்பரின் இரு முனைகளிலும் தட்டிவிட்டு, நெடுஞ்சட்டங்கள் வழியே முன்னோக்கித் தட்டிக்கொண்டே போங்கள்.

இதில் ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். புதுக் குறொஸ் மெம்பர், நெடுஞ்சட்டத்தோடு சேர்த்து வெல்டிங்கால் ஒட்ட முன்னோக்கி நீளும் கால்கள் வைத்ததாகவும் வருகிறது. அந்தக் கால் போய் முடியும் இடத்தில் இரும்பு கணீரென்று கேட்டால் குறொஸ் மெம்பரை மட்டும் மாற்றினால் போதும். அங்கேயும் பொத்தென்றால் போதாது. கெட்ட இரும்பில் எவ்வளவு வடிவாக ஒட்டினாலும் ஒட்டின் பக்கத்திலேயே கிழியும், படகு ஏற்றத்தில் நிற்கும்போது கொக்கியோடு கழன்று வரும். அப்போது நல்ல இரும்பு தொடங்கும் இடம்வரை வெட்டிப் பின் செசித் துண்டையே மாற்ற வேண்டும். அதற்கும் முழுச் செசி தேவையில்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? உங்கள் செசி இலக்கம் முன்பக்கம், வலது நெடுஞ்சட்டத்தில் அடித்திருக்கிறது. பின்னால் செய்யும் வேலை அதைத் தொடாது. தரகர் கொண்டுவரும் செசியிலோ வேறு வண்டியின் இலக்கம் இருக்கும், அல்லது அரைத்து அழித்த தழும்பு இருக்கும். பதிவுப் புத்தகத்தோடு இலக்கம் ஒத்துப்போகாத வண்டியுடன் பொலிசில் மாட்டுவது நீங்கள்தான். அவருடைய தொலைபேசி அப்போது வேலை செய்யாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய ஜீப் விலை ஏற ஏற இந்த வியாபாரமும் கொழுத்தது. ஒரு கையெழுத்துக்காக யாழ்ப்பாணத்து ஆள் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு, ஒரு வழிக்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர், போய்வர வேண்டிய நிலை இருக்கும்வரை "கடதாசி நான் பாக்கிறன்" என்பவனுக்குத்தான் மதிப்பு. இதை எத்தனை வருடமாகச் சொல்லி வருகிறோம்!

பட்டி பூசிக் கறுப்புப் பெயின்ற் அடித்துத் தருகிறேன் என்கிற கராச்சையும் நம்பாதீர்கள். போன வருடம் ஒருவருக்கு ஒட்டிக் கொடுத்திருந்த தகட்டைத் திருப்புளியால் குத்தினேன், பிஸ்கட் போல உடைந்தது. நெடுஞ்சட்டத்தின் தகடு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். அதைவிட மெல்லியதை ஒட்ட விடாதீர்கள்.

ஒட்டுமுன் பற்றரியையும் ஓல்டனேற்றரையும் கழற்ற வேண்டும். 110இல் டீசல் தாங்கி குறொஸ் மெம்பருக்கு நேர் முன்னால் இருக்கிறது. வெறுந்தாங்கி என்றாலும் இறக்கியே ஆகவேண்டும். பின் விளக்குகளின் வயர் செசிக்குள்ளால் ஓடுகிறது, அதையும் இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். பலர் மறந்து எரித்துவிடுகிறார்கள்.

வேலை முடியும்வரை படகை வேறு வண்டியில் இழுங்கள். அப்புறம், கடலுக்குள் இறக்கிய அன்றே நல்ல தண்ணீர்க் கிணற்று நீரால் செசியின் அடித்துளைகளுக்குள் பீய்ச்சிக் கழுவுங்கள். வீட்டுக் கிணறு உவர் என்றால் பவுசர் தண்ணீர் வாங்கியாவது கழுவுங்கள்.