பல்லில் கடித்த முடிச்சு

அன்புள்ள ஐயா,

செங்கல்பட்டு அருகே ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். கடலில் அன்றும் இன்றும் எப்படி வழி கண்டார்கள் என்று காட்டப் பிள்ளைகளை மாமல்லபுரம் அழைத்துப் போனோம். கலங்கரை விளக்கத்தில் ஏறிப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பினோம். ஒரு பையன், “அதான் ஜிபிஎஸ் இருக்கே மிஸ், இதெல்லாம் எதுக்கு?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பதில் சொல்லியிருக்க மாட்டேன். ஓர் அட்டையும் கயிறும் கொடுத்து, இருட்டும்வரை உட்கார வைத்திருப்பேன். மாலைக்குள் திரும்பியதுதான் தப்பு.

சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் 19ஆம் நூற்றாண்டிலும் ராப்பலகை இருந்தது. அரபு மாலுமிகளுக்கு அது கமால். சின்னப் பலகை, நடுவில் துளை, துளையில் முடிச்சுகள் போட்ட கயிறு. ஒரு முடிச்சைப் பல்லில் கடித்து, கயிறு விறைக்கப் பலகையை முன்னால் நீட்டுவார்கள். கீழ் விளிம்பு தொடுவானத்திலும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்திலும் பொருந்த வேண்டும். தெற்கே போகப் போக அந்த நட்சத்திரம் தாழும், அதனால் முடிச்சுக்கு ஒரு துறைமுகம். நாகப்பட்டினத்து முடிச்சு பொருந்திவிட்டால் நாகையின் அட்சரேகைக்கு வந்தாயிற்று, அப்புறம் மேற்கே போனால் கரை. மேகம் மூடினால் ஒன்றும் நடக்காது. கிழக்கு மேற்கில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பதையும் அது சொல்லாது. எனவே முன்னோர் பெருமைப் பேச்சு வேண்டாம்.

அந்தப் பையனின் போனும் வானத்தைப் பார்த்துத்தான் இடம் சொல்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை அதற்கு வேண்டும். மாலுமி கோணத்தை அளந்தான், போன் நேரத்தை அளக்கிறது. ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். என் போன் ஒருமுறை என்னை வயல் வரப்பில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் அதற்குச் செயற்கைக்கோளைக் குறை சொல்ல முடியாது, வரைபடத்தில்தான் கோளாறு.

நீங்கள் ஏறிய விளக்கத்துக்குப் பக்கத்திலேயே பாறைமேல் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் இருக்கிறதே, பார்த்தீர்களா? புதுக் கோபுரம் வருமுன் அதன் உச்சியில்தான் விளக்கு எரிந்தது. பெரும்பாணாற்றுப்படையில் துறைமுக விளக்கு கலங்களைப் பார்த்துக் ‘கரையும்’. கூப்பிடும் என்று பொருள். வெளிச்சத்துக்குக் குரல் கொடுத்த அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மாசி பங்குனியில் நிலா இல்லாத இரவாகப் பார்த்து மறுபடி போங்கள். சப்தரிஷி மண்டலம் வடகிழக்கில் ஏறியிருக்கும், அதை வைத்துத் துருவ நட்சத்திரத்தைப் பிடிக்கலாம். வடக்கே சென்னை வெளிச்சம் வானத்தை வெளுத்திருக்கும், பொறுமை வேண்டும். அட்டை 8.5 செ.மீ. உயரம் இருந்தால் மாமல்லபுரத்து முடிச்சு சுமார் 38 செ.மீ. தூரத்தில் விழும். செங்கல்பட்டும் ஏறக்குறைய அதே அட்சரேகைதான், பள்ளி மைதானத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். அடுத்த சுற்றுலா கன்னியாகுமரி என்றால் கயிற்றை நீளமாக வெட்டுங்கள். அங்கே நட்சத்திரம் 8 பாகை உயரத்தில்தான் நிற்கும், முடிச்சு 60 செ.மீ. தள்ளிப் போகும்.