அப்பாவின் கை நடுக்கத்துக்கு நேரம் குறித்த பிள்ளை

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொப்பிப் பக்கத்தை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். "காலை 5.50, கை நடுக்கம், தேத்தண்ணி சிந்தியது. 6.20, வெளியே போய் வந்தார். 6.45, நடுக்கம் இல்லை." பதினொரு நாளும் இதே மாதிரி. பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரு மூளைப் படம். "ஏ.எல் (உயர்தர) சோதனைக்கு எட்டு மாதம்தான் இருக்கு சேர். இவள் தகப்பனை உளவு பார்க்கிறாள். கேட்டால், குடிச்சா மூளைக்குள்ள என்ன நடக்குது என்டுதான் படிக்கப் போறன் என்கிறாள். இதைப் படிச்சு என்ன உத்தியோகம் எடுக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் உயிரியல் செய்முறைக் கொப்பிகளைத் திருத்தியே தலை நரைத்தவன். நேரத்தைக் குறித்து, கண்டதை மட்டும் எழுதி, 'குடிகாரர்' என்ற சொல்லை ஒரு இடத்திலும் போடாமல் விட்டிருக்கிறாள். சொந்தத் தகப்பனைப் பற்றி அப்படி எழுதப் பெரியவர்களாலேயே முடியாது. அதை உளவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவள் கண்டது சரியான விஷயம். சாராயத்தில் இருக்கும் எதனோல் மிகச் சிறிய மூலக்கூறு. சில நிமிடத்தில் இரத்தத்தோடு மூளைக்குள் போய்விடும். மூளையில் ஒரு நரம்புக்கலத்திலிருந்து அடுத்ததுக்குச் செய்தி கொண்டுபோகும் இரசாயனங்களை நரம்புக்கடத்தி என்போம். அவற்றில் காபா பிரேக் மாதிரி, குளுட்டமேற்று அக்சிலேற்றர் மாதிரி. மது பிரேக்கை அமத்தும், அக்சிலேற்றரைத் தளர்த்தும். நாக்குத் தடுமாறுவதும் பயம் விட்டுப் போவதும் அதனால்தான். தினமும் குடிக்கிறவரின் மூளை இதற்கு ஈடுகட்டப் பழகிவிடும்: பிரேக்கின் பிடியைக் குறைக்கும், அக்சிலேற்றரைக் கூட்டி வைக்கும். இரவு குடித்தது விடியப்புறம் இறங்கும்போது கூட்டி வைத்த அக்சிலேற்றர் மட்டும் மிச்சம். 5.50க்குக் கோப்பை ஆடுவது அதுதான். 6.20க்கு வெளியே போய் ஒரு முடக்குக் குடித்தால் பழையபடி பிரேக் விழும். அவர் சந்தோஷத்துக்காக விடியக் குடிக்கவில்லை, நடுக்கத்தை நிறுத்தக் குடிக்கிறார்.

இனி, விட நினைத்தும் ஏன் முடியவில்லை என்பது. அதற்கு மூளையில் வேறு ஒரு பாதை இருக்கிறது. நடுமூளையில் ஒரு சிறு நரம்புக்கலக் கூட்டம் டோபமைன் என்ற இன்னொரு நரம்புக்கடத்தியைச் சுரந்து, முன்மூளையின் அடியில் உள்ள 'நியூக்கிளியஸ் அக்கம்பன்ஸ்' என்ற இடத்துக்கு அனுப்புகிறது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸ், மில்னர் என்ற இருவர் 1954இல் எலியின் மூளைக்குள் கம்பி வைத்து, நெம்பை அமத்தினால் மெல்லிய மின்சாரம் போகும்படி செய்தார்கள். எலி மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை அமத்தியது. இந்தப் பாதையை 'வெகுமதிப் பாதை' என்பார்கள்; அதைப் பற்றிய ஆய்வு அங்கிருந்துதான் வளர்ந்தது. மது உள்ளே போனதும் உடம்பே செய்யும் எண்டோர்பின் என்ற இரசாயனம் வெளிவரும். அது டோபமைன் கலங்களை அடக்கி வைத்திருக்கும் பிடியைத் தளர்த்த, டோபமைன் கூடும்.

டோபமைன் என்றால் இன்பம் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். அது அரைகுறை. வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு கிடைத்தபோது டோபமைன் கலங்கள் துடித்தன. பழகிய பிறகு, சாறு வரப்போகிறது என்று காட்டும் விளக்கு எரிந்தவுடனேயே துடித்தன; சாறு வந்தபோது துடிப்பில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழமையைவிடவும் கீழே இறங்கின. உங்கள் வீட்டில் அந்த விளக்கு எது? பின்னேரம் ஐந்து மணிக்குப் படலையடியில் வந்து நிற்கும் கூட்டாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சத்தம் கேட்டதும் அவர் சேட்டைத் தேடுவார் என்றீர்கள். குடி வாய்க்கு வருமுன்பே மூளை தொடங்கிவிட்டது. பிள்ளைகள் மேல் செய்த சத்தியம் அந்த ஒரு நிமிடத்தில் எங்கே போகிறது என்று கேட்டு அழுதிருந்தீர்கள். பாசம் குறைந்ததால் போகவில்லை தங்கச்சி.

இப்போது உத்தியோகத்துக்கு வருவோம். 'குடியைப் பற்றிப் படிக்கிறது' என்று ஒரு பட்டம் இல்லை. அவளுடைய கேள்வியில் எந்தப் பகுதி அவளை இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். மருந்து கலத்தில் எந்த வாங்கியில், அதாவது அது வந்து ஒட்டும் எந்த இடத்தில், ஒட்டுகிறது என்பதுதான் என்றால் மருந்தகவியல். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் அந்தப் பட்டம் உண்டு. எண்டோர்பின் ஒட்டும் வாங்கியை அடைத்து, குடிக்கும் ஆசையைக் குறைக்கும் நல்ட்ரெக்சோன் என்ற மருந்தை அமெரிக்கா 1994இல் மதுச் சார்புக்கு அனுமதித்தது. அப்படி ஒன்றைத் தேடுகிற வேலைக்கு இரசாயனம் பலமாக இருக்க வேண்டும். ஆளோடு இருந்து தேற்றுவதுதான் பிடிக்கும் என்றால் தாதியம். அதற்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை; கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடத்தில் மருத்துவமும் உண்டு, தாதியமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் மாவட்ட ஒதுக்கீட்டோடு பின்தங்கிய மாவட்டங்களுக்கான பங்கும் உண்டு. அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கொஞ்சம் குறைந்தால் உலகம் முடிந்தது என்று பயப்பட வேண்டாம். உளவியல் பேராதனையில் கலைப்பீடத்தில் இருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு எட்டு மாதம் இருக்கும்போது பிரிவு மாற மட்டும் விடாதீர்கள்.

மனநல வைத்தியர் ஆவதானால் நீண்ட பாதை. ஐந்து வருட மருத்துவப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதன் பிறகு பட்டப்பின் படிப்பு. அங்கேதான் எனக்கு ஒரு கவலை. அவள் "அப்பாவைச் சுகப்படுத்தத்தான் படிக்கிறேன்" என்று சொன்னால் அந்த நினைப்பைப் பக்குவமாகப் பிரித்து வையுங்கள். அவள் படித்து முடிக்கும்வரை அவருடைய ஈரல் காத்திருக்காது. அவருக்கு வைத்தியம் இந்த மாதமே தொடங்க வேண்டும், அதைச் செய்யவேண்டியது பெரியவர்கள். மகளின் கொப்பியை அவளிடம் கேட்டு வாங்கி, வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். எந்த வைத்தியருக்கும் அந்த நேரக் குறிப்பு உதவும். போவதற்கு வெட்கமாக இருந்தால் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழைத்துப் பேசலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: திடீரென்று நிறுத்த வைக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் படித்தேன். பல வருடத்துக்கு முன் எங்கள் ஊர் அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்கிற அன்று, தினமும் குடிக்கிற அயலவர் ஒருவரை நானே கூட்டிப் போய் அம்மனுக்கு முன் சத்தியம் பண்ண வைத்தேன். பெருமையாகவும் இருந்தது. மூன்றாம் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார், வேர்த்து ஊற்றியது, ஆளை மட்டுக்கட்டவே தெரியவில்லை. பேய் என்று மந்திரிக்க ஆள் கூப்பிட்டார்கள், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். விடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. பிழைத்தார், ஆனால் அது அவருடைய அதிர்ஷ்டம். பேயும் இல்லை ஒன்றும் இல்லை, பிரேக் இல்லாமல் ஓடிய மூளை. நிறுத்தும்போது வலிப்பும் வரலாம், உயிரும் போகலாம். வைத்தியசாலையில் அதே காபா வாங்கியில் வேலை செய்யும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, தயமின் விட்டமினும் ஏற்றுவார்கள். குடியை நிறுத்தும் என்று சோற்றில் அவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரையையும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள். தெரியாமல் மருந்து உள்ளே இருக்க மேலே குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம்.

உங்கள் கடைசிக் கேள்வி, "தகப்பன்ட புத்தி மகனுக்கும் வருமா". இரட்டையர் ஆய்வுகளின்படி இந்த நோய்க்கான சாத்தியத்தில் ஏறத்தாழ அரைவாசி பரம்பரையால் வருகிறது, மிச்சம் வளரும் சூழலால். ஆகவே சின்னவனுக்குப் பதினாறு வயது என்பதை மறக்க வேண்டாம். முன்யோசனை செய்யும் முன்மூளை இருபத்தைந்து வயதளவில்தான் முதிரும். எவ்வளவு பிந்தித் தொடுகிறானோ அவ்வளவு நல்லது. கலியாண வீட்டில் மாமன்மார் 'ஒரு பியர்தானே' என்று நீட்டினால் நீங்கள்தான் குறுக்கே நிற்க வேண்டும்.

சனிக்கிழமை ரியூசன் முடிய மகள் மண்முனைப் பாலத்தால் வந்து என்னைச் சந்திக்கட்டும். ஓ.எல் பெறுபேறும் கடைசித் தவணை மார்க்சும் போதும். அந்தக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். படத்தில் டோபமைன் போகும் அம்புக்குறியை அவள் மறுபக்கமாகப் போட்டிருக்கிறாள், அதைத் திருத்த வேண்டும்.